சென்னை டு சிங்கப்பூர்: தூரம் எவ்ளோ, நேரம் எவ்ளோ, டிக்கெட்ல இருக்கற டைமை எப்படிப் படிக்கறது

எங்க வீட்லயும் தெருவுலயும் யார் முதல் தடவையா சிங்கப்பூர் கெளம்பினாலும் டிக்கெட்ட எங்கிட்ட கொண்டு வந்து காட்டிடுவாங்க, "எத்தன மணி நேரம்பா ஆவும், எப்ப போய் சேருவோம்"னு கேப்பாங்க. நாலு மணி நேரம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிடலாம்தான், ஆனா அந்த நாலு மணி நேரத்த நம்பி வீட்ட விட்டுக் கெளம்பற நேரம், ஏர்போர்ட் போற நேரம், அங்க கூப்பிட வர்றவங்களுக்கு சொல்ற நேரம் எல்லாத்தையும் தப்பா போட்டுக்கிட்டவங்கள நிறைய பாத்திருக்கேன். அதனால ஒண்ணொண்ணா எழுதறேன், டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல தூரம்

சென்னை ஏர்போர்ட்லேருந்து சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுக்கு வானத்து வழியா சுமார் 2,900 கிலோமீட்டர். சில வெப்சைட்ல 1,800 சொச்சம்னு காட்டும், அது மைல் கணக்கு. வேற சில எடத்துல 1,580ன்னு பாப்பீங்க, அது கடல் மைல், விமானம் ஓட்டறவங்க பேசற கணக்கு, ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர். மூணும் ஒரே தூரம்தான், நம்பர் மாறுதேன்னு குழம்ப வேணாம், பக்கத்துல என்ன அளவு போட்டிருக்குன்னு மட்டும் பாருங்க.

இத நீங்களே ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்துக்கலாம். போன்ல மேப்ப தொறந்து ஏர்போர்ட் மேல விரல அழுத்திப் புடிச்சா ரெண்டு நம்பர் வரும், மொதல்ல வர்றது அட்சரேகை, ரெண்டாவது தீர்க்கரேகை. சென்னைக்கு 13.0, 80.2. சாங்கிக்கு 1.4, 104.0. வடக்கு தெற்கா வித்தியாசம் 11.6 டிகிரி, கிழக்கு மேற்கா 23.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னு பெருக்குங்க, 1,288 ஒண்ணு, 2,642 ஒண்ணு வரும். பள்ளிக்கூடத்துல படிச்ச செங்கோண முக்கோணக் கணக்குதான் மிச்சம், ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 2,939. பெரிய பெரிய சாஃப்ட்வேர் சொல்றதுக்கும் இதுக்கும் பத்து இருபது கிலோமீட்டர்தான் முன்ன பின்ன இருக்கும்.

இது ஏன் இவ்ளோ சரியா வருதுன்னா நம்ம ரெண்டு ஊருமே பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு. மேல வடக்க போகப் போக தீர்க்கரேகைங்க ஒண்ணோட ஒண்ணு நெருங்கிடும், லண்டன் இருக்கற எடத்துல கிழக்கு மேற்கா ஒரு டிகிரிக்கு சுமார் 69 கிலோமீட்டர்தான். அதனால இந்த முக்கோணக் கணக்க லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போட்டுடாதீங்க, தப்பா வரும். அங்கெல்லாம் உருண்டையான பூமி மேல நூல் புடிச்ச மாதிரி வளைஞ்சு போற வழிதான் குட்டை, தட்டையா இருக்கற மேப்ல பாக்கும்போது அது சுத்திப் போற மாதிரி தெரியும். சென்னை சிங்கப்பூர் வழில அந்தப் பிரச்சனையே இல்ல, மேப்ல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாலும் கிட்டத்தட்ட அதே வழிதான்.

அந்தக் கோட்ட ஒருதடவை போட்டுப் பாருங்க, ரொம்ப அழகா இருக்கும். சென்னைய விட்டதும் வங்காள விரிகுடா, அப்புறம் ரொம்ப நேரம் தண்ணி தண்ணி தண்ணி, பாதி தூரம் தாண்டினதும் கிரேட் நிக்கோபார் தீவோட தென்கோடி, இந்திரா முனைக்குப் பக்கத்துல போகும், அதுதான் இந்தியாவோட கடைசி மண்ணு. அதுக்கு அந்தாண்ட சுமத்ராவோட வடக்கு மூக்கு, ஆச்சே பக்கம், அப்புறம் மலாக்கா ஜலசந்திய ஒட்டியே கீழ எறங்கி சிங்கப்பூர். உண்மையா பறக்கற பாதை, தரைலேருந்து விமானங்களுக்கு வழி சொல்ற கண்ட்ரோல்ல சொல்றதப் பொறுத்தும் மழை மேகத்தப் பொறுத்தும் கொஞ்சம் அப்படி இப்படி வளையும். பகல்ல போறவங்க, சென்னைலேருந்து கெளம்பும்போது இடது பக்க ஜன்னல் கெடச்சா விட்றாதீங்க, மேகம் இல்லாம இருந்தா அந்தத் தீவுங்க கண்ணுல பட வாய்ப்பு இருக்கு. எங்க தாத்தா காலத்துல நாகப்பட்டினத்துலேருந்து ரஜுலா கப்பல்ல ஏறி இதே தண்ணி மேல பினாங்கு வழியா ஒரு வாரம் போயிருக்காங்க, ஜன்னல் வழியா கீழ பாக்கறப்பல்லாம் எனக்கு அந்த நெனப்புதான் வரும்.

அடுத்து நேரம்

தூரத்த 800ஆல வகுத்து, வர்ற நேரத்தோட ஒரு அரை மணி கூட்டுங்க, அவ்ளோதான். 2,930 வகுத்தல் 800, சுமார் 3 மணி 40 நிமிஷம், கூட அரை மணி, ஆக 4 மணி 10 நிமிஷம். டிக்கெட்ல பாத்தா பெரும்பாலும் 4 மணி 10 நிமிஷத்துலேருந்து 4 மணி 30 நிமிஷத்துக்குள்ளதான் போட்டிருப்பாங்க.

ஏன் 800? இந்த வழில நிறைய ஓடற ஏர்பஸ் 320 மாதிரி விமானம் மேல போனதும் மணிக்கு 830 கிலோமீட்டர் கிட்ட போகும், பெரிய விமானம்னா 900 வரைக்கும். ஆனா ஏறும்போதும் எறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, ஏர்போர்ட்ட சுத்தி வரிசைல நிக்கணும், அதனால கொஞ்சம் கொறச்சு 800னு வெச்சுக்கறது கைக்கணக்குக்கு சரியா வருது. அந்த அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போறதுக்கும் ஏறி எறங்கறதுக்கும். சென்னை கொழும்பு சுமார் 650 கிலோமீட்டர், இதே கணக்குல 1 மணி 20 நிமிஷம் வரும், டிக்கெட்லயும் ஏறக்குறைய அதான் இருக்கும். சென்னை லண்டன் சுமார் 8,200, கணக்குக்கு 10 மணி 45 நிமிஷம்.

இன்னொண்ணு சொல்றேன், நிறைய பேருக்குத் தெரியாது, சென்னைலேருந்து துபாயும் சுமார் 2,900 கிலோமீட்டர்தான், மேற்க துபாய் எவ்ளோ தூரமோ கிழக்க சிங்கப்பூரும் அவ்ளோ தூரம், பறக்கற நேரமும் ரெண்டுக்கும் நாலு மணி சொச்சம். ஆனா டிக்கெட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா துபாய் ரொம்பக் கிட்டக்க இருக்கற மாதிரியும் சிங்கப்பூர் ரொம்பத் தள்ளி இருக்கற மாதிரியும் தோணும். அதுக்குக் காரணம் கடிகாரம், அதுக்குக் கீழ வர்றேன்.

டிக்கெட்ல போட்டிருக்கற 4 மணி 20 நிமிஷம்ங்கறது வானத்துல பறக்கற நேரம் மட்டும் இல்ல, இங்க கேட்ட விட்டு விமானம் நகர ஆரம்பிச்சதுலேருந்து அங்க கேட்ல போய் நிக்கற வரைக்கும். அதனால "அரை மணி லேட்டா கெளம்பிச்சு ஆனா கரெக்ட் டைமுக்கு எறக்கிட்டான்"னு யாராச்சும் சொன்னா நம்பலாம், போடும்போதே கொஞ்சம் தாராளமா போட்டு வெச்சிருப்பாங்க.

காத்தும் ஒரு காரணம். லண்டன், அமெரிக்கா பக்கம் போறவங்களுக்கு மேற்குலேருந்து கிழக்க அடிக்கற பெரிய காத்து ஒண்ணு உண்டு, போறதுக்கும் வர்றதுக்கும் நேரம் நல்லா வித்தியாசப்படும். நம்ம பக்கம் கதை வேற, ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை சீசன்ல தென்னிந்தியா மேல ரொம்ப உயரத்துல கிழக்குலேருந்து மேற்க ஒரு வேகமான காத்து ஓடும். கோடேஸ்வரம்னு நம்ம இந்திய வானிலை விஞ்ஞானி 1958ல இதப் பத்தி எழுதி உலகத்துக்கே தெரிய வெச்சார். அந்த சீசன்ல சிங்கப்பூர் போற விமானத்துக்கு அது எதிர்காத்து, திரும்பி வர்றதுக்கு முதுகுல தள்ளிவிடற காத்து. பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல, கொஞ்ச நிமிஷம் முன்ன பின்ன ஆவும், அதே சீசன்ல குலுங்கறதும் கொஞ்சம் இருக்கும், பெல்ட்ட மட்டும் கழட்டாதீங்க.

கடிகாரம், இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க

சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்ல கெளம்பற நேரம் இந்தியா டைம், எறங்கற நேரம் சிங்கப்பூர் டைம். இத ஒரு பேப்பர்ல பெருசா எழுதி பாஸ்போர்ட் கவர்ல வெச்சுக்கோங்க.

போகும்போது: சென்னைல ராத்திரி 23:20க்கு கெளம்புதுன்னு வெச்சுக்குவோம், 4 மணி 20 நிமிஷம் கூட்டுங்க, நம்ம டைம் விடிகாலை 3:40, அதோட ரெண்டரை கூட்டுங்க, 6:10. டிக்கெட்ல 06:10ன்னு போட்டு பக்கத்துல சின்னதா +1னு இருக்கும், அடுத்த நாள்னு அர்த்தம். பாக்கறவங்களுக்கு ஏழு மணி நேரம் மாதிரி தெரியும்.

வரும்போது: சாங்கில 20:15க்கு கெளம்பினா 4 மணி 20 நிமிஷம் கூட்டி அவங்க டைம் 00:35, அதுலேருந்து ரெண்டரை கழிங்க, நம்ம ராத்திரி 22:05. டிக்கெட்ல 20:15க்கு ஏறி 22:05க்கு எறங்கறதா இருக்கும், ஒண்ணே முக்கால் மணி நேரத்துல வந்துடுதேன்னு எங்க அம்மா மொதல் தடவை டிக்கெட்டப் பாத்து ஆச்சரியப்பட்டாங்க, வர்ற வழில சாப்பாடு எதுக்குன்னு டிக்கெட்டோட சேத்து புக் பண்ணவே விடல. நாலு மணி நேரம் வெறும் தண்ணிய குடிச்சுக்கிட்டு வந்து சேந்தாங்க, சுகர் இருக்கறவங்க வேற, இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. அதனால மாத்திரை, ஊசி போட்டுக்கறவங்க கடிகாரத்த நம்பாம கடைசியா போட்டதுலேருந்து எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எண்ணிக்கோங்க, கெளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டரை மணி நேர வித்தியாசம் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. சூரியன் ஒரு டிகிரிய தாண்ட 4 நிமிஷம் எடுத்துக்குது, 23.8 டிகிரிக்கு 95 நிமிஷம், அதாவது சூரியக் கணக்குப்படி வித்தியாசம் 1 மணி 35 நிமிஷம்தான் இருக்கணும். மிச்சம் அரசாங்கம் வெச்ச கணக்கு. 1982 பொறக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேர வித்தியாசம்தான், மலேசியா தன்னோட கடிகாரத்த அரை மணி முன்னாடி நகத்தினப்போ சிங்கப்பூரும் கூடவே நகத்திக்கிச்சு. இத ஏன் சொல்றேன்னா, அங்க வருஷம் முழுக்க சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கும், சாயங்காலம் ஏழுக்குத்தான் மறையும். காலைல 6:10க்கு எறங்கி வெளில பாத்தா கும்மிருட்டா இருக்கும், நேரம் தப்போன்னு பயந்துடாதீங்க.

தேதி

நான் இவ்ளோ எழுதறதுக்கே காரணம் இதான். எங்க சித்தப்பாவுக்கு 15ஆம் தேதி 00:45க்கு டிக்கெட். 15ன்னு பாத்துட்டு 15ஆம் தேதி சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, சாமி கும்பிட்டு, மாலைல கார் எடுத்துக்கிட்டு கெளம்பிப் போனாரு. வாசல்லயே டிக்கெட்டப் பாத்துட்டு, "சார் இது நேத்து ராத்திரி போயிடுச்சு"ன்னாங்க. 15ஆம் தேதி 00:45ன்னா 14ஆம் தேதி ராத்திரி சாப்டுட்டு ஏர்போர்ட்ல இருக்கணும், நடு ராத்திரி 12 தாண்டின உடனே தேதி மாறிடுது. புது டிக்கெட் வாங்கின காசு ஒரு பக்கம், வேலைல சேர வேண்டிய தேதி தள்ளிப் போயி அவர் பட்ட மன உளைச்சல் இன்னொரு பக்கம். அன்னிலேருந்து யார் டிக்கெட் காட்டினாலும் நான் மொதல்ல பாக்கறது 00, 01, 02ல ஆரம்பிக்கற நேரமான்னுதான். அப்படி இருந்தா காலண்டர்ல முந்தின நாள வட்டம் போட்டு, "இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்"னு எழுதிக் குடுத்துடறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

வீட்டு வாசல்லேருந்து வீட்டு வாசல் வரைக்கும்

விமானத்துல நாலேகால் மணி நேரம்ங்கறது மொத்தப் பயணத்துல பாதி கூட இல்ல. வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல இருக்கணும், செக்-இன் கவுண்டர பொதுவா கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, அதுக்கப்புறம் விமானம் கண்ணு முன்னாடி நின்னாலும் ஏத்த மாட்டாங்க. அங்க எறங்கி இமிக்ரேஷன், பெட்டி எடுக்கறது எல்லாம் சேத்து ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க, வீட்டுக்குப் போக முக்கால் மணி.

இப்ப தஞ்சாவூர்ல இருக்கறவர் கணக்கப் பாருங்க. சென்னைல டிக்கெட் ரெண்டாயிரம் ரூபா கம்மின்னு அங்க புக் பண்றாரு. தஞ்சாவூர்லேருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர் சொச்சம், ஏழு மணி நேரம். ஏழும் மூணும் பத்து, நாலேகால் சேத்து பதினாலேகால், எறங்கினப்புறம் ஒண்ணே முக்கால், மொத்தம் பதினாறு மணி நேரம். அதே ஆளு திருச்சிலேருந்து போனா வீட்லேருந்து ஏர்போர்ட் ஒரு மணி நேரம், மிச்சம் எல்லாம் அதே, பத்து மணி நேரத்துல முடிஞ்சுது. திருச்சி சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னைய விட அம்பது கிலோமீட்டர்தான் கூட, பறக்கற நேரத்துல அஞ்சு நிமிஷம் கூட வித்தியாசம் தெரியாது. பஸ்ஸுக்கோ காருக்கோ ஆவற செலவையும் வழிச் சாப்பாட்டையும் கூட்டினா அந்த ரெண்டாயிரம் எங்க போச்சுன்னே தெரியாது. கொங்கு பக்கம் இருக்கறவங்களுக்கு கோயம்புத்தூர், அங்கேருந்து சுமார் 3,170 கிலோமீட்டர், ஒரு இருவது நிமிஷம் கூட ஆவும், ஆனா ராத்திரி முழுக்க சென்னைக்கு பஸ்ல உக்காந்து போறதுக்கு இது எவ்ளவோ மேல்.

சென்னைல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, மெட்ரோ ஏர்போர்ட் வரைக்கும் போகுது, ஆனா ராத்திரி 11 மணியோட முடிஞ்சுடும், நடு ராத்திரி ஃப்ளைட்டா இருந்தா ஒம்போது மணிக்கே மெட்ரோல போய் உக்காந்துடுங்க. எந்த டெர்மினல்னு டிக்கெட்ல பாத்துக்கோங்க, வெளிநாட்டுக்கு இப்ப T2.

நடுவுல எறங்கிப் போற டிக்கெட்

கம்மி வெலைக்குக் கொழும்பு வழியா, கோலாலம்பூர் வழியான்னு வரும். கொழும்பு வழின்னா கொஞ்சம் தெற்க எறங்கி அப்புறம் கிழக்க திரும்பணும், மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். கோலாலம்பூர் கிட்டத்தட்ட போற வழிலயே இருக்கு, அங்கேருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டர்தான், தூரம் கூடவே இல்ல. ஆனா நேரத்தத் தின்னுறது தூரம் இல்ல, நடுவுல காத்துக்கெடக்கறது. "மொத்தம் 11 மணி 40 நிமிஷம்"னு போட்டிருந்தா அதுல ஆறு ஏழு மணி நேரம் நாற்காலில உக்காந்திருக்கறதுதான். நடு ஊர்ல எறங்கற நேரம், ஏறற நேரம் ரெண்டும் அந்த ஊர் டைம், கொழும்புக்கு நம்ம டைம்தான், கோலாலம்பூருக்கு சிங்கப்பூர் டைம்.

முக்கியமா ஒரே டிக்கெட்டா ரெண்டு தனித்தனி டிக்கெட்டான்னு கேளுங்க. ரெண்டு தனி டிக்கெட்னா நடுவுல பெட்டிய எடுத்துத் திரும்பவும் செக்-இன் பண்ணணும், அந்த நாட்டுக்குள்ள நுழையற விதி என்னன்னு பாக்கணும், மொத ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டா யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. மொத தடவை போறவங்க, வயசானவங்க, கைக்கொழந்தையோட போறவங்க நேரா போற விமானத்துலயே போங்க, என்னோட அபிப்பிராயம் இதான்.

கெளம்பறதுக்கு முன்னாடி

நம்ம பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடி ஆவணும். எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒண்ணு, சிங்கப்பூருக்குள்ள நுழையறவங்க விவரம் குடுக்கற படிவம், ஆன்லைன்ல போடணும், போய்ச் சேர்ற நாளையும் சேத்து மூணு நாளைக்குள்ள போடணும், அது ஃப்ரீ, காசு கேக்கற வெப்சைட் எதுலயும் போட வேணாம். இதுலயும் நேர வித்தியாசம் வரும் பாருங்க, அதுல போட வேண்டியது நீங்க அங்க எறங்கற தேதி, இங்க கெளம்பற தேதி இல்ல.

பெட்டில மசாலா சாமான் வெக்கறப்போ கசகசா ஒரு பொட்டலம் கூட வெக்காதீங்க, அங்க அது போதைப்பொருள் சட்டத்துல வர்ற விஷயம். சூயிங்கமும் வேணாம்.

போன்ல டைம் தானா மாறிடும், ஆனா கைக்கடிகாரம் மாறாது, விமானத்துல உக்காந்ததுமே ரெண்டரை மணி முன்னாடி திருப்பி வெச்சுக்கோங்க. சீட்டுக்கு முன்னாடி ஸ்க்ரீன் இருந்தா இன்னும் எத்தன கிலோமீட்டர், என்ன வேகம், போற ஊர்ல மணி என்னன்னு காட்டிக்கிட்டே இருக்கும், வேகம் 780னும் காட்டும் 900னும் காட்டும், காத்துக்குத் தகுந்த மாதிரி.

அங்க எறங்கினதும் லிட்டில் இந்தியா பக்கம் போறவங்க சாங்கில எம்ஆர்டில, அதாவது அந்த ஊர் மெட்ரோ ரயில்ல ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போல எறங்கி டவுன்டவுன் லைன் மாறினா நேரா லிட்டில் இந்தியாவுலயே எறங்கலாம். விடிகாலை ரொம்ப சீக்கிரம் எறங்கினா மொத ரயில் கெளம்பற வரைக்கும் ஏர்போர்ட்லயே உக்காந்திருங்க, பத்திரமான எடம்தான்.

கடைசியா, ஊர்ல இருக்கறவங்களுக்கு எத்தன மணிக்கு போன் பண்ணுவீங்கன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, அதுவும் நம்ம ஊர் டைம்ல சொல்லுங்க. 6:10க்கு எறங்கினா இமிக்ரேஷன் பெட்டி எல்லாம் முடிஞ்சு 7:10, நம்ம டைம் விடிகாலை 4:40. "அஞ்சு மணிக்குள்ள பேசறேன்மா"ன்னு சொல்லி வெச்சுட்டா, மூணே முக்காலுக்கே எழுந்து போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க.